பன் இல்லாத பர்கர்: தஞ்சாவூர் அடுப்படியில் சாத்தியமா?

மாலை 6 மணி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் பைக்குகள் வரிசைகட்டும் நேரம். ஒரு பக்கம் பஜ்ஜிச் சட்டி, இன்னொரு பக்கம் பர்கர், ஷவர்மா, மோமோஸ். 2024-ல் நியோ டைடல் பூங்காவும் வந்துவிட்ட ஊர் இது. வேலை முடிந்து வருபவர்களுக்குப் பசியும் உண்டு, ஆர்டர் போட ஆப்பும் உண்டு. "மதியம் சோறு, ராத்திரி இட்லி. நடுவுல இது ஒண்ணுதானே" என்று மனசு சமாதானம் சொல்லும்.

அந்த 'ஒண்ணு'தான் பிரச்சினையே. 300 கிராம் சோற்றில் சுமார் 84 கிராம் மாவுச்சத்து. 4 இட்லியில் 30 கிராமுக்குக் குறையாது. இடையில் ஒரு உருளைக்கிழங்கு பர்கரும் கோலாவும் சேர்ந்தால் இன்னொரு 80 கிராம், அதாவது இன்னொரு மதியச் சோறு. ஆனால் அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதில்லை.

சோற்றைக் குறைக்கச் சொன்னால் டெல்டா வீடுகளில் என்ன பதில் வரும் என்று தெரியும். "அப்புறம் என்னத்தத் திங்கிறது?" நியாயமான கேள்விதான். மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி என்று நெல்லையே காலண்டராக வைத்திருக்கும் ஊர். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லேயே வந்துவிட்டது. விதைக்கடையில் 'ஏடிடி' என்று சொல்லும் ரகங்களின் பெயர் அந்த ஊரின் பெயர்தான். இங்கே சோற்றோடு சண்டை போட்டு ஜெயிப்பது கஷ்டம். மாலை நேரத்துத் தீனியில் கை வைப்பது அதைவிட ரொம்பச் சுலபம்.

பர்கரில் மாவுச்சத்து எங்கே இருக்கிறது?

மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. நம் ஊர் நாக்குக்காகவே வந்த மெக்ஆலு டிக்கியை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் வெளியிட்ட சத்து அட்டவணைப்படி அதில் சுமார் 340 கலோரி, 50 கிராம் மாவுச்சத்து, 8.5 கிராம் புரதம். காரணம் எளிது. மேலே மைதா பன், கீழே மைதா பன், நடுவில் உருளைக்கிழங்கு. மாவுக்குள் மாவு. அந்தக் கடை மட்டும் என்றில்லை, தெருமுனைக் கடையின் 'வெஜ் பர்கர்' அநேகமாக எல்லாமே இதே கட்டமைப்புதான்.

ஆக, ஒரு பர்கரில் மாவுச்சத்து மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: பன், உள்ளே வைக்கும் பேட்டி, அப்புறம் சாஸ். பன்னை மட்டும் தூக்கிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதை.

சிறுதானிய பன் போதாதா?

2024-ல் மெக்டொனால்ட்ஸின் தென்னிந்தியக் கடைகளில், மைசூரின் சி.எஃப்.டி.ஆர்.ஐ. உதவியுடன் உருவான சிறுதானிய பன் அறிமுகமானது. பேக்கரிகளிலும் இப்போது ராகி பன், கம்பு பன் கிடைக்கிறது. நார்ச்சத்து, தாதுச்சத்து என்று பார்த்தால் நல்ல மாற்றம். ஆனால் 'லோ-கார்ப்' என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ராகியும் கம்பும் தானியங்கள், அவற்றிலும் மாவுச்சத்துதான் முதன்மை.

ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின் 2025 முடிவுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தும் குறைந்து, அந்த இடத்தில் புரதம் வந்தால்தான் வித்தியாசம். இதே ஆய்வு 2023-ல், இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த நிலையில் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, மாலை பர்கரும் வழக்கம்போல ருசியாகவே இருக்கும்.

பன்னுக்குப் பதில் எந்தக் காய்?

அமெரிக்காவில் இது பழைய யோசனை. இன்-அன்-அவுட் என்ற பர்கர் கடையில் 'புரோட்டீன் ஸ்டைல்' என்று கேட்டால் பன்னுக்குப் பதில் லெட்யூஸ் இலையில் சுற்றித் தருவார்கள். தஞ்சாவூரில் லெட்யூஸைத் தேடி அலைய வேண்டியதில்லை. காய்க்குள் மசாலா அடைப்பது இந்த ஊருக்குப் புதுசா என்ன? எண்ணெய்க் கத்திரிக்காய் அதுதான். பொடி அடைத்த பாகற்காயும் அதுதான். 1670-களில் தொடங்கி 1855 வரை இங்கே ஆண்ட மராத்தியர்களின் ஊரிலும் கத்திரிக்காய்க்குள் மசாலா அடைக்கும் 'பர்லி வாங்கி' உண்டு. 'வாங்கி' என்றால் மராத்தியில் கத்திரிக்காய். நம் ரசவாங்கியில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பர்கர் வடிவத்துக்கு முதல் தேர்வு பெரிய உருண்டைக் கத்திரிக்காய். சாம்பாருக்குப் போடும் குட்டிக் காய் சரிவராது. உள்ளங்கை அகல வட்டம் வேண்டும். ஒரு விரல் தடிமனுக்கு வட்டமாக நறுக்கி, இரு பக்கமும் உப்பு தடவி 15 நிமிடம் வைக்க வேண்டும். இதை மட்டும் தாண்டிப் போய்விடக் கூடாது. கத்திரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்று அறைகள். அப்படியே தோசைக்கல்லில் போட்டால் ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். உப்பு நீரை இழுத்து அந்த அறைகளை அமுக்கிவிடுவதால் ஒரு ஸ்பூன் எண்ணெயே போதும். நீரை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, மிதமான தீயில் இரு பக்கமும் பொன்னிறமாகும் வரை சுட வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே நறநறவென்று இருக்கும். ஏற்கெனவே உப்பு ஏறியிருப்பதால் பேட்டியில் உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

குடைமிளகாய் சோம்பேறிகளின் நண்பன். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து விதையை எடுத்தால் கிண்ணம் தயார். முதலில் வெறும் காயை உள்பக்கம் கல்லில் படும்படி கவிழ்த்து, மூடிபோட்டு மூன்று நிமிடம். அப்புறம் நிமிர்த்தி, ஏற்கெனவே வெந்த மசாலாவை அடைக்க வேண்டும். பச்சைக் கறியை அடைத்து வேகவைக்க நினைத்தால் காய் குழைந்துவிடும், கறி வெந்திருக்காது.

முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, நடு நரம்பைச் சீவிவிட்டால் லெட்யூஸ் வேலையை அது செய்யும். பாகற்காய் பிடித்தவர்கள் அதைக் கீறி, விதை எடுத்து, உப்பு மஞ்சள் தடவி ஆவியில் வேகவைத்து அடைக்கலாம். பர்கர் ரசிகர்கள் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், அது வேறு விஷயம்.

வாழைக்காய், சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு மூன்றும் கூடாது. காய் என்று பெயர் இருந்தாலும் வாழைக்காய் மாவுதான். பஜ்ஜிக்கடை வாழைக்காய் பஜ்ஜியை 'காய்கறி ஸ்நாக்ஸ்' என்று கணக்கு எழுதுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

உள்ளே என்ன வைப்பது?

பெரும்பாலான 'ஹெல்தி பர்கர்' வீடியோக்கள் கோட்டை விடுவது இங்கேதான். பன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேட்டி உடையாமல் இருக்க உருளைக்கிழங்கு, பிரெட் தூள், சோளமாவு, அரிசி மாவு என்று நான்கையும் கொட்டுவார்கள். முன்வாசலில் அனுப்பிய மாவு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடும்.

பேட்டி சேர்ந்து நிற்க மாவு தேவையில்லை. 250 கிராம் சிக்கன் கீமாவுக்கு ஒரு முட்டை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு, சோம்புத் தூள். நன்றாகப் பிசைந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தானாகவே இறுகும். நான்கு பேட்டி வரும். ஆட்டுக் கொத்துக்கறிக்கும் இதே முறைதான். நடுவில் வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது.

சைவத்துக்கு 200 கிராம் பன்னீர், 50 கிராம் மீல்மேக்கர். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் பன்னீரோடு சேர்க்க வேண்டும். ஒட்டுவதற்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு போதும். அதிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் நான்கு பேட்டிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2 கிராம் சொச்சம்தான். காய்ந்த மீல்மேக்கரின் எடையில் பாதி புரதம் என்பதால் முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

காவிரிக் கரைக்கே உரிய சரக்கும் இருக்கிறது. கள்ளன் எடுத்து நறுக்கி, மோரில் போட்டு வேகவைத்த வாழைப்பூ ஒரு கப், ஊறிய கடலைப்பருப்பு கால் கப் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் வடை மாவு. அதைத் தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரிக்காமல் தோசைக்கல்லில் சுட்டால் அருமையான பேட்டி. பருப்பினால் ஒன்றுக்கு 5, 6 கிராம் மாவுச்சத்து வரும், பரவாயில்லை. நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் செய்யும் சுறாப்புட்டு இன்னும் வசதி. அதற்குப் பேட்டியும் தேவையில்லை, ஒட்டுமாவும் தேவையில்லை. சுட்ட குடைமிளகாய்க் கிண்ணத்தில் அப்படியே அள்ளி வைத்து எலுமிச்சை பிழிந்தால் வேலை முடிந்தது.

சாஸ்?

ஒரு டேபிள்ஸ்பூன் தக்காளி கெட்சப்பில் சுமார் 4 கிராம் சர்க்கரை. யாரும் ஒரு ஸ்பூனோடு நிறுத்துவதும் இல்லை. மயோனைஸில் மாவுச்சத்து குறைவு. ஆனால் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 90 கலோரி வரை போகும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது நினைவிருக்கலாம், காரணம் கிருமித் தொற்று அபாயம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்த கட்டித் தயிரில் பூண்டு, மிளகு, புதினா சேர்த்தால் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

கடைசியில் கணக்கு என்ன?

வீட்டு அளவில் தோராயமாகப் போட்டால், இரண்டு கத்திரிக்காய் வட்டமும் சிக்கன் பேட்டியும் சேர்ந்து 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. பன்னீர் மீல்மேக்கர் என்றால் 12 முதல் 15. ஆலு பர்கரின் 50 கிராமோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் ருசி அதே மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பன்னின் மெத்தென்ற கடி இதில் கிடைக்காது. சுட்ட கத்திரிக்காயின் புகை வாசம் கிடைக்கும், அது வேறு ருசி.

'லோ-கார்ப்' என்றால் 'லோ-கலோரி' என்றும் அர்த்தமில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. மேலே இரண்டு சீஸ் ஸ்லைஸ், பக்கத்தில் ஒரு தட்டு ஃபிரைஸ், கையில் கோலா என்றால் இவ்வளவு மெனக்கெட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு அதன் அடையாளம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு சோறு, டிபன் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் அளவுக்குப் போனால் கீட்டோஅசிடோசிஸ் என்ற அவசர நிலை வரும் வாய்ப்பு உண்டு. ஒரு மாலைத் தீனியை மாற்றுவதும் மூன்று வேளையையும் புரட்டிப் போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும், கர்ப்பிணிகள் மாவுச்சத்தைக் குறைக்கும் முன்பும் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? வழக்கமான பர்கர் சாப்பிட்ட ஒரு நாளும், கத்திரிக்காய் பர்கர் சாப்பிட்ட இன்னொரு நாளும், சாப்பிடும் முன்பும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்துவைக்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நான்கு எண்களும் உதவும்.

ஆபீஸுக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் கத்திரிக்காயை அல்ல. சுட்ட வட்டங்கள் ஒரு மணி நேரத்தில் நீர்விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். டப்பாவுக்குக் குடைமிளகாய்தான் தாங்கும். பேட்டியைத் தனி டப்பாவில் வைத்து, தயிர் சாஸைச் சின்ன மூடி டப்பாவில் ஊற்றி, சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளலாம். முந்தின இரவே பேட்டியைச் சுட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் ஐந்து நிமிட வேலை. ஆபீஸிலும் ஃப்ரிட்ஜ் இருந்தால் மட்டும் சிக்கன், இல்லையென்றால் தஞ்சாவூர் வெயிலுக்குக் கடலைப்பருப்பு சேர்த்த வாழைப்பூ பேட்டியே பாதுகாப்பு. அதையும் மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.