தீவா, பெருநிலமா? பினாங்கில் வீடு தேடும் குடும்பங்கள் கணக்கிட வேண்டியவை

தோட்டத்தில் வேலை ஓய்வு பெற்று லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெரியவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் தம்பதி, ஜோர்ஜ்டவுனில் வாடகை கட்டியே அலுத்துப்போன குடும்பம். இவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: வீடு வாங்கினால் தீவில் வாங்குவதா, பெருநிலத்தில் வாங்குவதா?

பெரும்பாலும் விலைப் பட்டியலைப் பார்த்தே இதற்கு முடிவெடுக்கிறோம். அதே பணத்திற்குத் தீவில் ஓர் அடுக்குமாடி வீடு என்றால், தென் செபெராங் பிறையில் தரை வீடே கிடைக்கக்கூடும். ஆனால், வீட்டின் விலை ஒருமுறை பேசி முடிப்பது. போக்குவரத்து, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் செலவு 30 ஆண்டுகளுக்குக் கூடவே வரும்.

நகரத்தை விட்டு ஏன் வெளியேறினோம்?

ஒரு காலத்தில் ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் நம்மவர்கள் பலர் குறைந்த வாடகையில் குடியிருந்தார்கள். 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்ததே அதற்குக் காரணம். அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் வாடகையை உரிமையாளரே நிர்ணயிக்கும் நிலை வந்தது. பல குடும்பங்கள் ஆயர் ஈத்தாம், குளுகோர், பாயான் பாரு அடுக்குமாடிகளுக்கும் பெருநிலத்துக்கும் பெயர்ந்தன. 2008-இல் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானதும் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றி நம் கடைகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கடைகளில் வேலை செய்பவர்களில் பலர் மாலையில் வேறு இடத்துக்கே வீடு திரும்புகிறார்கள்.

பெருநிலத்தில் நடந்தது வேறு. பத்து காவான் போன்ற தோட்ட நிலங்கள் மேம்பாட்டுக்குப் போயின. ரப்பரும் செம்பனையும் இருந்த இடத்தில் இன்று பண்டார் காசியா நகரமும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. தோட்டத்தோடு வேலையும் வீடும் ஒன்றாகப் போனவர்கள், இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டியதாயிற்று.

முதல் கணக்கு: வேலை வாசல்

வேலை எங்கே என்பதைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பெருநிலம்' என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே இடமல்ல.

ஜோர்ஜ்டவுனில் வேலை என்றால் பட்டர்வொர்த், மாக் மண்டின் வசதி. படகில் சுமார் பத்து நிமிடத்தில் கடக்கலாம். 2023-இல் வந்த புதிய படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. கார் ஏற்றுவது 2021 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை என்றால் சிம்பாங் அம்பாட், பத்து காவான், நிபோங் தெபால் பக்கம் பார்க்கலாம். 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் பத்து காவானில் தொடங்கி, பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்தில் உள்ள பத்து மாவுங்கில் முடிகிறது. சுங்குரும்பையில் (புக்கிட் மெர்தாஜாம்), பிறையில் இருப்பவர்களுக்கு 1985-இல் திறந்த முதல் பாலமே வழி. அங்கே ஒரு விபத்து நடந்தால் போதும், காலை ஷிப்டுக்குப் போக முடியாது.

டோல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இரண்டு பாலங்களிலும் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம். முதல் பாலத்தில் காருக்கு 5 வெள்ளி 74 காசு. மாதம் 24 நாள் வேலை என்றால் 137 வெள்ளி 76 காசு. ஆண்டுக்கு 1,650 வெள்ளிக்கு மேல். பெட்ரோலும் கார் தேய்மானமும் தனி. மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் டோல் இல்லை. ஆனால் மழையிலும் காற்றிலும் தினமும் இரண்டு முறை பாலத்தைக் கடப்பது உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்தான வேலை. இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் திரும்புபவருக்கு இன்னும் ஆபத்து.

வேலையே பெருநிலத்தில் என்றால் தீவுக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் தொழிற்பேட்டைகளில் இன்று பல பெரிய நிறுவனங்கள் உள்ளன. கார் இல்லாதவர்களுக்குக் கொமுட்டர் ரயிலும் உண்டு. நிபோங் தெபால், சிம்பாங் அம்பாட், சுங்குரும்பை வழியாகப் பட்டர்வொர்த் வரை வருகிறது. ரயிலில் இறங்கி நடந்தே படகுத்துறைக்குப் போகலாம்.

தீவில் எல்ஆர்டி ரயில் திட்டத்தின் பணிகள் 2025-இல் தொடங்கிவிட்டன. அது பட்டர்வொர்த்தையும் இணைக்கப் போகிறது. என்றாலும், வரப்போகும் ரயிலை நம்பி வீடு வாங்காதீர்கள். இன்று ஓடும் பேருந்தையும் ரயிலையும் வைத்தே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது கணக்கு: பள்ளியும் மருத்துவமனையும்

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, பெரும்பாலானவை பெருநிலத்தில். தீவில் ராமகிருஷ்ணா, அசாட், ராஜாஜி, சுப்ரமணிய பாரதி, சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ் போன்றவை இருக்கின்றன. பார்க்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், பள்ளி வேன் அந்தத் தாமானுக்கு வருமா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். வேன் வராத தாமானுக்குக் குடிபோன பிறகு, "பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம்" என்று முடிவு மாறுவதைப் பார்க்கிறோம். அப்படித்தான் ஒரு பள்ளியில் மாணவர் குறைகிறார்கள். தோட்டம் போன பிறகும் பெயரில் தோட்டத்தைச் சுமக்கும் பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று பண்டார் காசியாவில் நடக்கிறது. பள்ளி மக்களைத் தேடி நகர்ந்துவிட்டது. நாம் வீடு தேடும்போது பள்ளியையும் நினைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் முதியவரோ, டயாலிசிஸ் செய்பவரோ இருந்தால் மருத்துவமனை தூரமே முதல் கணக்கு. தீவில் பினாங்கு பொது மருத்துவமனை. பெருநிலத்தில் செபெராங் ஜெயா, சுங்குரும்பை, சுங்கை பாக்காப், கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைகள். மின்தூக்கி பழுதானால் பத்தாவது மாடியிலிருந்து அப்பாவை எப்படி இறக்குவது என்பதையும் யோசியுங்கள்.

மூன்றாவது கணக்கு: நிலம் யாருடையது?

குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை மறக்க முடியாது. மாடு வளர்த்துப் பல தலைமுறையாக நம் மக்கள் வாழ்ந்த கிராமம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயும், 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும், நிலப்பட்டாவில் பெயர் இல்லையென்றால் சட்டத்தின் முன் அது நம் நிலமல்ல. இந்தப் பாடத்துக்கு நாம் பெரிய விலை கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்னே நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். உரிமையாளர் யார், கடன் அடமானம் உண்டா, நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிம நிலத்தில் நிற்கும் வீட்டை, "எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசின் மலிவு விலை வீடுகள் உள்ளன. 42,000 வெள்ளி, 72,500 வெள்ளி விலைப் பிரிவுகள் பலருக்கும் தெரிந்தவை. அவற்றுக்குத் தகுதி விதிகளும் மறுவிற்பனைக் கட்டுப்பாடுகளும் உண்டு. விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையில்லை; பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். முன்பணத்துக்கு இபிஎஃப் சேமிப்பின் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டால் மருத்துவச் செலவுக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது. அடுக்குமாடி என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணமும், முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியும் சேர்த்து விசாரியுங்கள்.

வாங்கும் முன் மூன்று முறை போய்ப் பாருங்கள்

ஒரு வேலை நாள் காலை 7 மணிக்கு, ஓர் இரவு 10 மணிக்கு, பெரிய மழைக்குப் பிறகு ஒருமுறை. 2017 நவம்பர் வெள்ளம் தீவையும் பெருநிலத்தையும் ஒருசேரப் பிடித்தது. சுங்கை பினாங்கு ஓரமும் ஜூருவின் தாழ்வான இடங்களும் தண்ணீர் ஏறிய இடங்கள். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். எதிர்வீட்டு அம்மா சொல்வார். சுவரில் தண்ணீர் நின்ற தடத்தையும் பாருங்கள்.

வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் இருவரின் பயணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். தவணையோடு டோல், பெட்ரோல், பள்ளி வேன், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வருகிறதோ, அதுதான் அந்த வீட்டின் உண்மையான மாத விலை. தீவில் ஒரு வீடு, பெருநிலத்தில் ஒரு வீடு என்று இரண்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே முன்பணத்தை எடுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வந்துவிடலாம். தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்புவதுதான் யோசிக்க வேண்டியது.