உங்களுக்குத் தெரியுமா? அக்கரையில் முதல் வீடு

★ 1690-ல் வெள்ளைக்காரர்கள் கடலூரில் மனை வாங்கியபோது அளக்க வந்தது சங்கிலி அல்ல, பீரங்கி. தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. சென்னை கவர்னர் எலிஹு யேல் இதற்கென்றே நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டணமே அடங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து இன்று வேலை அனுமதியில் அக்கரைக்குப் போகிறவர்களுக்கு அந்த யோகம் கிடையாது.

★ சிங்கப்பூரில் வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் வீடு, வேலை அனுமதியில் இருப்பவருக்கு விற்கப்படாது. நிரந்தரவாசி ஆனாலும் உடனே முடியாது. நிரந்தரவாசிகள் மட்டுமே உள்ள குடும்பம் 3 ஆண்டு காத்திருந்து, கைமாறும் பழைய வீட்டைத்தான் வாங்கலாம். தனியார் அடுக்குமாடி வீட்டுக்குத் தடை இல்லை. ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம். பத்து லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி வரி! அதே வீட்டை முதல் வீடாக வாங்கும் நிரந்தரவாசிக்கு 5 சதவீதம்தான். குடிமகனுக்கு இந்தக் கூடுதல் வரியே இல்லை. அமெரிக்கக் குடிமக்களுக்கும் வணிக ஒப்பந்தத்தின் பேரில் குடிமகன் கணக்குத்தான். 2005-லேயே ஒப்பந்தம் போட்ட இந்தியாவுக்கு அந்தச் சலுகை வாய்க்கவில்லை. கட்டட வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளை, தான் பூசிய வீவக வீட்டை வாடகைக்குப் பிடிக்கக்கூட விதி இடம் தருவதில்லை.

★ கனடாவில் 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை. 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். வேலை அனுமதிக்காரருக்கு ஒரு சந்து உண்டு: வாங்கும் நாளில் அனுமதி முடிய 183 நாளாவது மீதம் இருக்க வேண்டும், ஒரு வீடுதான் வாங்கலாம். அந்தச் சந்தில் நுழைந்தாலும் அடுத்த சுவர், வரி. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ டொராண்டோ நகருக்குள் வருகிறது. அங்கே ஒன்டாரியோ மாகாணத்துக்கு விலையில் 25 சதவீதம், 2025 முதல் நகராட்சிக்கு மேலும் 10 சதவீதம். வாங்கிய 60 நாளுக்குள் குடியேறி, 4 ஆண்டுக்குள் நிரந்தரவாசியும் ஆகிவிட்டால், 90 நாளுக்குள் மனு போட்டு மாகாண வரியைத் திரும்பப் பெறலாம். பணம் திரும்பும், ஆனால் வாங்கும் நாளில் கையில் இருந்தாக வேண்டுமே!

★ இங்கிலாந்தில் இப்படித் தடையோ காத்திருப்போ இல்லை. வேலை விசாவிலேயே வாங்கலாம். இடறுவது வேறு இடத்தில். முதல் வீடு வாங்குபவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை முத்திரை வரி கிடையாது. வீட்டின் விலை 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 'முதல்' என்பதை அவர்கள் உலகக் கணக்கில் பார்க்கிறார்கள். திருவந்திபுரத்தில் அப்பா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. உயில் எழுதாமல் அவர் காலமானார் என்று வையுங்கள். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், பெண்கள் உட்பட, அன்றே பங்கு வந்துவிடுகிறது. ஒரு கையெழுத்தும் போடாமல் நீங்கள் வீட்டுக்காரர்! லண்டன் வக்கீல் "இதற்குமுன் எங்காவது வீடு இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதே உண்மையான பதில். 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு 5,000 கட்ட வேண்டியவர் 10,000 கட்டுவார். ஊர்ப் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டாம் வீடு என்று சொல்லி விலையில் இன்னொரு 5 சதவீதம். பாதிக்கு மிகாத பங்கு கடந்த 3 ஆண்டுக்குள் வாரிசாக வந்திருந்தால் இந்த 5 சதவீதம் மட்டும் தப்பும். அவசரமாகத் தங்கை பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதினாலும் 'முதல்' தகுதி திரும்பாது. ஒருமுறை இருந்தாலே இருந்ததுதான்.

★ கனடா இதில் தாராளம். முதல் வீட்டுக்கென்று ஆண்டுக்கு 8,000 டாலர், மொத்தம் 40,000 டாலர் வரை வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கு 2023-ல் வந்தது. அங்கே வரி கட்டி வசிக்கும் வேலை அனுமதிக்காரரும் தொடங்கலாம். சொந்த வீட்டில் நடப்பு ஆண்டிலோ முந்தைய 4 ஆண்டிலோ நீங்கள் குடியிருந்தீர்களா என்பதுதான் கேள்வி. ஊரில் வெறும் பங்கு மட்டும் இருந்தால் பாதகமில்லை.

★ ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுக்குத் தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு வாங்குவதை நிறுத்திவைத்தது. புதிதாகக் கட்டிய வீட்டை அனுமதி பெற்று வாங்கலாம். நியூசிலாந்து 2018-லேயே பெரும்பாலான வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்திவிட்டது. டென்மார்க்கில் நிரந்தரமாக வசிப்பவராகவோ முன்பு 5 ஆண்டு வசித்தவராகவோ இருக்க வேண்டும், இல்லையேல் அரசின் அனுமதி வேண்டும்.

★ அமெரிக்காவில் எச்-1பி விசா முதலில் 3 ஆண்டுக்கு, வழக்கமாக 6 ஆண்டு உச்சம். வீட்டுக் கடனோ 30 ஆண்டு. வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். இத்தனைக்கும் வாங்குகிறார்கள், துணிச்சல் என்பதா, நம்பிக்கை என்பதா! குறைந்த முன்பணத்துக்கு வழி செய்த எஃப்.எச்.ஏ. கடன் 2025 மே 25 முதல் இவர்களுக்கு நின்றுவிட்டது. மற்ற வங்கிக் கடன்கள் உண்டு.

★ அன்றைய மலாயாவில் தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. தோட்டம் கைமாறினால் கூரையும் போகும். அங்கே வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கிவிடக் கிளம்பினார் அந்நாட்டு அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன். 1960-ல் அவர் தொடங்கியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெளிநாட்டில் வீடு வாங்கிய தமிழர் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

★ "இதெல்லாம் எதற்கு, கெடிலம் ஆற்றங்கரையில் நாலு காணி நஞ்சை வாங்கிப் போடுவோம்" என்கிறீர்களா? வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் வீடும் மனையும் எத்தனையும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் மூன்றையும் தம் பெயரில் விலைக்கு வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

★ ஊரோடு திரும்பி வந்துவிட்டால் ஸ்கார்பரோ வீட்டை விற்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசித்தபோது வாங்கியதை வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முழு வசிப்பாளராகக் கணக்கிடப்படும் ஆண்டு முதல் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். விட்டுப்போனால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024-ல், 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு அபராத விலக்கு கொடுத்தார்கள். வங்கி இருப்பும் பங்குகளும் அதில் வரும், வீடும் மனையும் வராது.