அடியைக் காட்டும் முடி

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. அந்த ஊர்ப்பெயரின் முதற்சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால் பாதம், நீள அளவு, பாட்டின் வரி, பிரம்படி என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். எல்லாமே சரி. சொல் தனியாக நிற்கும்வரை எதையும் தள்ள முடியாது.

தேர்விலோ சொல் தனியாக வருவதில்லை; உரைப்பத்தியைக் கொடுத்து, அதிலுள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறார்கள். இதற்கான வழியைத் தொல்காப்பியர் தம் இலக்கண நூலின் கிளவியாக்க இயலிலேயே வகுத்துவிட்டார்: பல பொருள் தரும் சொல்லை, அது கொள்ளும் வினை, உடன்வரும் இனம், பேசும் சூழலாகிய சார்பு ஆகியவற்றால் தெளியலாம்.

'முதுகில் அடி விழுந்தது' என்றால் வினையே சொல்லிவிடும். இனம்தான் வியப்பானது. திருமால் பன்றியாக நிலத்தை அகழ்ந்ததும், நான்முகன் அன்னமாக மேலே பறந்ததும் திருவண்ணாமலைத் தலத்துக் கதை. அவர்கள் தேடியது சிவனின் அடியும் முடியும். முடி என்பது கூந்தலா, மகுடமா, உச்சியா? பக்கத்தில் நிற்கும் அடி, உச்சி என்கிறது. அடி எது என்பதை முடி சொல்கிறது. ஐயத்துக்கு இடமான இரண்டு சொற்கள் ஒன்றையொன்று தெளிவாக்கிவிடுகின்றன!

சார்பு என்பது வாக்கியத்துக்கு வெளியே இருப்பது. 'அடுத்த அடி?' என்று தமிழாசிரியர் கேட்டால் செய்யுள் வரி. நடன ஆசிரியர் கேட்டால் கால்வைப்பு.

அறியாத சொல்லுக்கும் இதே வழிதான். 'வெயிலில் நடந்தவர்கள் பந்தலில் மோர் குடித்து விடாய் தணிந்தார்கள்.' தணிவது கோபமாகவும் இருக்கலாம், பசியாகவும் இருக்கலாம். வெயிலும் மோரும் குடித்தலும் சேர்ந்து தாகத்தையே காட்டுகின்றன. ஊகித்த பொருளை அந்த இடத்தில் வைத்து, வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்ப்பது அவசியம். அவசரத்தில் பிள்ளைகள் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

சொற்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இதைப் பழக்குவது மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்தால்தான் அவை துப்புக் கொடுக்கும். ஆங்கிலக் கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று 2000-இல் ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டார்கள். அதாவது ஐம்பதுக்கு ஒரு புதுச்சொல். வரிக்கு மூன்று புதுச்சொல் வரும் பத்தியைப் பிள்ளையிடம் நீட்டி ஊகிக்கச் சொல்வது நியாயமில்லை. அங்கே அகராதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.