தரம் இரண்டுக்கு அம்மம்மாவும் வரலாம்

மூன்றாம் தவணை தொடங்கினால் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் கொப்பிகளில் அறிவித்தல் துண்டுகள் வரிசையாக வரத் தொடங்கும். ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம், நவராத்திரி முடிவில் வாணி விழா, டிசெம்பரில் ஒளிவிழா. "பெற்றோர் தவறாது சமுகமளிக்கவும்" என்ற வரி எல்லாத் துண்டிலும் இருக்கும். அந்த வரியை வாசித்ததும் துண்டை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடும் பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

கிளிநொச்சி மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போவது என் வேலை. வராத தாயை அக்கறையற்றவள் என்று சொல்வது சுலபம். என் அனுபவத்தில் அக்கறையின்மை அபூர்வம். வெட்கமும் பயமும்தான் அதிகம்.

ஒரு தாய் 2008இல் இடம்பெயர்ந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தவர். படிப்பு அதோடு நின்றுவிட்டது. இன்று அவருடைய மகன் தரம் இரண்டில் படிக்கிறான். "மிஸ், அவன் கணக்கு ஏதோ புதுமாதிரிச் செய்யிறான். ரீச்சர் என்னட்டைக் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

அந்தப் 'புதுமாதிரி' என்னவென்று பார்க்க வகுப்பில் ஒரு காலைப்பொழுது இருந்தேன். பிள்ளைகள் நிலத்தில் வட்டமாக இருந்து ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டினார்கள். மூன்று கட்டும் தனியாக நாலும் வைத்தால் 34. ஒரு கட்டை அவிழ்த்தால்தான் அதிலிருந்து ஆறு எடுக்கலாம் என்று ஒரு சிறுவன் தானாகவே கண்டுபிடித்தான். நாங்கள் 'கடன் வாங்கி' என்று மனப்பாடம் செய்த கழித்தல் அதுதான்! கீரை கட்டி விற்கும் ஒரு பெண்ணுக்கு இது புதிதா?

தரம் 1, 2இல் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் முதலிடம். எழுத்துவேலை அதற்குப் பிறகுதான். தாய்மொழி, சமயம், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், வாய்ப்பேச்சாகக் கொஞ்சம் ஆங்கிலம். "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டு ஏழு வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்லுவது ஒன்றுதான்: "இன்றைக்கு வகுப்பில் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள், பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.

சுற்றாடல் பாடத்தில் குடும்பத்தைப் பற்றியும் பேசுவார்கள், படம் கீறுவார்கள். தகப்பன் இல்லாத வீடு, தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவையுங்கள். சொன்னால்தான் அவர் கேள்வியை மாற்றிக் கேட்பார்.

செலவும் ஒரு பயம். 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. விழாவுக்கான உடுப்பு அதற்குள் அடங்காது. வெள்ளைச் சட்டை போதுமா என்று ஆசிரியரிடம் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் வாய் திறந்தால் கேட்கத் தயங்கிய இன்னும் நாலு பேருக்கும் அது உதவும்.

கடந்த தவணையில் இதே பாடசாலையில் மாணவர் சந்தை நடந்தது. முருங்கைக்காய், தேசிக்காய், வல்லாரை, கச்சான் எல்லாம் பிள்ளைகளே விற்றார்கள். 100 ரூபாய்த் தாளை வாங்கி 50 ரூபாய்க் கீரைக்கு மிச்சம் கொடுக்கும்போது அவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். அங்கே ஓர் அம்மம்மாவும் வந்திருந்தா. 2009இல் கணவரை இழந்தவ. மகள் மத்திய கிழக்கில் வேலை செய்வதால் பேத்தியை அவதான் வளர்க்கிறா. "உந்தக் கட்டு லூசாயிருக்கு, தா இஞ்சை" என்று பேத்தியின் வல்லாரைக் கட்டுகளை அவிழ்த்து இறுக்கிக் கட்டினா. சற்று நேரத்தில் பக்கத்துப் பிள்ளைகளின் கட்டுகளும் அவவின் மடிக்கு வந்துவிட்டன.

அதே அம்மம்மா வாணி விழாவுக்கு மட்டும் வரமாட்டாவாம். "மங்கல விளக்கு ஏத்துற இடத்திலை நான் நிக்கிறது சரியில்லைப் பிள்ளை. சந்தை வேறை, இது வேறை." பேத்தி முன்வரிசையில் நின்று பாடப்போகிறாள். பார்க்க வீட்டிலிருந்து வேறு யாரும் இல்லை.

கணவன் போன பெண் விளக்குக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று எந்தப் பாடசாலையும் எழுதி வைத்ததில்லை. எழுதாமலே அது நடக்கிறது. மற்றத் தாய்மாரின் ஒரு பார்வை போதும், அவ பின்வாங்கிவிடுவா. இதை அந்தத் தாய்மாரிடம்தான் பேசவேண்டும் என்று நினைத்து, கூட்டத்தில் அவர்களிடமே கேட்டேன். இரண்டு பேர் தாங்கள் அவவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் ஒன்றும் பேசவில்லை. வகுப்பாசிரியர் அவவின் பெயரைப் பாவித்துத் தனி அழைப்பு ஒன்று எழுதி, பேத்தியின் கொப்பியில் வைத்து அனுப்பினார்.

விழாவுக்குக் கடலை அவித்து, அவல் குழைத்து அனுப்புவதாக அம்மம்மா சொல்லியிருக்கிறா. வருவதாக இன்னும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று மட்டும் பேத்தியிடம் இரண்டு தரம் கேட்டாவாம்.