மூச்சு வாங்கும் லேப்டாப்!

வீட்டில் எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து படம் பார்க்கிறீர்கள். முதல் பத்து நிமிடம் ஜோராக ஓடுகிறது. அப்புறம் உள்ளேயிருந்து 'விர்ர்ர்...' என்று ஒரு சத்தம். அடிப்பக்கத்தைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சூடு! திரையில் ஓடிக்கொண்டிருந்த கதாநாயகன் தத்தித் தத்திக் குதிக்கிறான். வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்!

உடனே, "லேப்டாப் அவ்வளவுதான், புதுசுதான் வாங்கணும்" என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள் குட்டீஸ்! பெரும்பாலான நேரங்களில் அது கெட்டுப்போயிருக்காது. சூட்டில் கருகிவிடாமல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கும். எப்படி என்று பார்ப்போமா?

சூடு ஏன் வருகிறது?

கம்ப்யூட்டரின் மூளை 'பிராசஸர்' என்ற சிலிக்கான் சில்லு. நகம் அளவு இடத்தில் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் இருக்கும். இவை இடைவிடாமல் 'ஆன்', 'ஆஃப்' ஆவதுதான் கம்ப்யூட்டர் செய்யும் வேலை. இதற்குச் செலவாகும் மின்சாரம் கடைசியில் வெப்பமாக மாறிவிடும்.

இது புதுத் தொல்லை இல்லை. 1946-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்ற கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தினார்கள். அதில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது இழுத்த மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோவாட். அதாவது, 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 150-ஐ ஒரே அறையில் போட்டுவைத்த மாதிரி! பெரிய பெரிய விசிறிகளை வைத்துத்தான் அதைக் குளிர வைத்தார்கள்.

உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு 45 வாட் அல்லது 65 வாட் சார்ஜரே போதும். ஆனால், அந்த வெப்பம் வெளியேற ஒரு நோட்டுப் புத்தகம் அளவு பெட்டிதான் இருக்கிறது. சிக்கல் அங்கேதான்!

வீடியோவுக்கு ஏன் இவ்வளவு வேலை?

வீடியோ என்பது அசையாத படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்துக்கும் 'ஃபிரேம்' என்று பெயர். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில், ஒரு ஃபிரேமைத் தயார் செய்ய லேப்டாப்புக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் முப்பதில் ஒரு பங்குதான். '1080' தரத்தில் ஒரு ஃபிரேமில் 20,73,600 வண்ணப் புள்ளிகள் இருக்கும். ஒரு நொடிக்கு 6 கோடிக்கும் மேல்!

இவ்வளவையும் அப்படியே சேமித்தால் ஒரு நொடிப் படத்துக்கே 180 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். அதனால் வீடியோவைச் சுருக்கி வைக்கிறார்கள். சுவர் அசையவில்லை, பந்து மட்டும் நகர்கிறது என்றால், நகர்ந்ததை மட்டும் குறித்துவைத்தால் போதுமே! பார்க்கும்போது அந்தக் குறிப்புகளிலிருந்து முழுப் படத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். இதுதான் லேப்டாப்புக்கு வேலை.

சுருக்குவதற்குப் பல முறைகள் உண்டு. 'எச்.264' என்ற முறை 2003-ல் வந்தது. 'எச்.இ.வி.சி.' 2013-லும், 'ஏவி1' 2018-லும் வந்தன. ஒவ்வொன்றையும் விரிக்கத் தனித் தனி மின்சுற்று லேப்டாப்புக்குள் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பிராசஸரே முழுவதையும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். துருவுமணை இல்லாமல் கத்தியாலேயே தேங்காயைத் துருவுவது மாதிரி! நேரமும் அதிகம், வியர்வையும் அதிகம்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி உங்கள் வீட்டில் இருக்கிறதா? ஏவி1 அப்போது பிறக்கவே இல்லை. அந்த மடிக்கணினியில் அதற்கான மின்சுற்றும் இருக்காது. அது படிப்புக்கு நன்றாகவே உதவும். புது மாதிரி வீடியோவைப் பார்த்தால் மட்டும் திணறும்.

வெப்பம் வெளியேறும் வழி

பிராசஸரின் மேல் ஒரு பசை தடவி, அதன் மேல் செம்புத் தகடு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து 'ஹீட் பைப்' என்ற செம்புக் குழாய் புறப்படும். குழாய்க்குள்ளே காற்றை நீக்கிவிட்டுக் கொஞ்சூண்டு தண்ணீர் வைத்திருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். ஆவி குழாயின் மறுமுனைக்குப் போய், குளிர்ந்து, மறுபடியும் தண்ணீராகித் திரும்பி வரும். விண்வெளிக் கலங்களிலும் இதே உத்தியைப் பயன்படுத்துகிறார்கள்!

குழாயின் மறுமுனையில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். சின்ன விசிறி ஒன்று அவற்றின் மேல் காற்றை ஊதி வெப்பத்தை வெளியே தள்ளும். தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தாலோ, பசை காய்ந்தாலோ, காற்று நுழையும் துளையைப் போர்வை மூடினாலோ வெப்பம் உள்ளேயே தங்கிவிடும்.

பெரும்பாலான லேப்டாப் சில்லுகளுக்கு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கியதும் சில்லு தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்போது ஃபிரேம் நேரத்துக்குத் தயாராகாது. சில ஃபிரேம்களைத் தாண்டிப் போய்விடும். அதுதான் அந்தத் தத்தல்! ஒலிக்கு வேலை மிகவும் குறைவு. அதனால்தான் படம் நின்றாலும் பாட்டு கேட்கிறது. வேகத்தைக் குறைத்தும் சூடு தணியாவிட்டால் லேப்டாப் 'பட்'டென்று அணைந்துவிடும்.

துப்பறியலாம் வாங்க!

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

* திரையில் வட்டம் சுற்றுகிறதா? அது பெரும்பாலும் இன்டர்நெட்டின் வேகக் குறைவு. லேப்டாப்பிலேயே சேமித்த ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அது நன்றாக ஓடினால் சந்தேகம் தீர்ந்தது.

* லேப்டாப் குளிர்ச்சியாக இருக்கும்போதே, முதல் நொடியிலிருந்து தத்துகிறதா? வீடியோவின் சுருக்கும் முறையைச் சந்தேகப்படுங்கள். 'வி.எல்.சி.' பிளேயரில் 'டூல்ஸ்' பகுதியில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்று இருக்கும். அது எந்த முறை என்று சொல்லிவிடும்.

* பத்து, பதினைந்து நிமிடம் கழித்து, விசிறிச் சத்தத்தோடு தத்துகிறதா? குற்றவாளி வெப்பம்தான்!

* விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். எந்த புரோகிராம் பிராசஸரை அதிகம் உறிஞ்சுகிறது என்று அதில் பார்க்கலாம். நீங்கள் படம் பார்க்கும்போது பின்னால் ஓர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம்.

நீங்களே செய்யலாம்!

* பெயர்தான் 'மடிக்கணினி'. மடியிலும் மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். பல லேப்டாப்புகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. மேசை மீது வையுங்கள். பின்பக்க ஓரங்களின் கீழே ஆளுக்கொரு ரப்பரை வைத்துச் சற்றே உயர்த்தினால், காற்று தாராளமாக நுழையும். துளைகளை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

* வீடியோ தரத்தை 1080-லிருந்து 480-க்குக் குறையுங்கள். புள்ளிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

* தேவையில்லாத புரோகிராம்களையும் பக்கங்களையும் மூடுங்கள்.

* விசிறி அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. மே மாத மதியத்தில் அறையே 38 டிகிரி இருந்தால் அது பாவம், என்ன செய்யும்? ஜன்னல் வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

* சீக்கிரம் குளிரட்டும் என்று ஃபிரிட்ஜுக்குள் வைக்கவே கூடாது! ஐஸ் கட்டியும் கூடாது. குளிர்ந்த டம்ளரின் வெளியே நீர்த்துளி பூப்பதைப் பார்த்திருப்பீர்களே... அது லேப்டாப்புக்குள்ளே நடந்தால் மின்சுற்று கெட்டுவிடும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிய பிறகு, துளைகளின் மேலுள்ள தூசியை மென்மையான, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஈரத்துணி வேண்டாம். அடி மூடியைத் திறந்து தூசி எடுப்பதும், காய்ந்த பசையை மாற்றுவதும் பழுது பார்ப்பவரின் வேலை. பல வருடம் ஓடிய லேப்டாப் இந்த இரண்டிலேயே மறுபடியும் சுறுசுறுப்பாகிவிடுவது உண்டு.

இதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்!

டச்பேட் மேலே புடைத்திருக்கிறதா? சமமான மேசையில் வைத்தும் லேப்டாப் ஆடுகிறதா? மூடி சரியாக மூடவில்லையா? விநோதமான வாசனை வருகிறதா? உள்ளே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி வீங்கியிருக்கலாம். அது தீப்பிடிக்கக் கூடியது. 'இந்தப் படம் முடியட்டும்' என்று காத்திருக்காதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். வீங்கிய இடத்தை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அம்மா, அப்பாவிடம் அப்போதே சொல்லுங்கள். அவர்கள் அதைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகட்டும். வீக்கம் இல்லாவிட்டாலும், இரவு முழுக்க மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கடைசியில் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்புங்கள். "படம் தத்துது அங்கிள்" என்று மட்டும் சொல்லாமல், "சேமிச்ச வீடியோவும் பன்னிரண்டாவது நிமிஷத்துல தத்துது, மேசையில வெச்சாலும் மாறல, 480-ல நல்லா ஓடுது" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும். தேவையில்லாத செலவும் மிச்சம்!