அறுவடைக்கு முன் உரச்சத்தை நீரால் கழுவ இயலுமா?

பயிர் முற்றும் தறுவாயில் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் நீரை மிகுதியாகப் பாய்ச்சினால், செடியினுள் தங்கிய உரச்சத்துக்கள் கழுவப்பட்டு வெளியேறும் என்றும், அதனால் விளைபொருளின் சுவையும் மணமும் உயரும் என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. கஞ்சாச் செடியை மாநிலச் சட்டப்படி வளர்க்கும் அமெரிக்கப் பகுதிகளிலும், கனடாவிலும் இது பெருவழக்காக உள்ளது. அங்குத் தென்னைநார்த் தூள் போன்ற ஊடகங்களில் செடிகளை வளர்த்து, உரக் கரைசலை ஊட்டி, இறுதி ஓரிரு வாரங்களில் வெறும் நீரை மட்டும் விடுகின்றனர்.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, உரிமமின்றி இச்செடியைப் பயிரிடுதல் குற்றமாகும். நாருக்கும் விதைக்கும் ஏற்ற, போதைச்சத்து மிகக் குறைந்த வகையைப் பயிரிட உத்தரகண்ட் மாநிலம் 2018இல் உரிமம் அளிக்கத் தொடங்கிற்று. எனினும், இவ்வினா ஒரு செடியோடு முடிவதன்று. உரமிடும் பயிர் அனைத்துக்கும் இது பொருந்துவதாகும்.

மண்ணில் நிகழ்வது

தழைச்சத்தின் ஒரு வடிவமாகிய நைட்ரேட், எதிர்மின்னேற்றம் உடையது. களிமண் துகள்களும் அவ்வாறே எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலின் மண் நைட்ரேட்டைப் பற்றி வைப்பதில்லை. மிகையான நீர் அதனை ஆழத்திற்கு இழுத்துச் செல்கிறது. சாம்பல்சத்தையும் அம்மோனியத்தையும் களிமண் பற்றிக் கொள்கிறது. மணிச்சத்து மண்ணிலுள்ள சுண்ணாம்பு, இரும்பு முதலியவற்றோடு பிணைந்து விடுகிறது. எனவே நீர் கழுவுவது பெரும்பாலும் நைட்ரேட்டையே, அதுவும் மண்ணிலிருந்தே.

செடியினுள் நிகழ்வது

வேர் உறிஞ்சிய சத்து, நீரில் கரைந்த உப்பாகவே செடியில் தேங்கிக் கிடப்பதில்லை. தழைச்சத்தின் பெரும்பகுதி புரதமாகவும் பச்சையமாகவும் மாறிவிடுகிறது. சுண்ணாம்புச்சத்து அணுச்சுவர்களில் பிணைந்து நிற்கிறது. வேரில் ஊற்றும் நீர் இவற்றைக் கரைத்து மீண்டும் மண்ணுக்குக் கொண்டு வருவதற்கு வழியில்லை.

உரம் நின்றபின் இலைகள் மஞ்சளாவதைக் கண்டு, சத்து கழுவப்பட்டது எனச் சிலர் எண்ணுகின்றனர். உண்மையில், முதிர்ந்த இலைகளின் புரதம் சிதைந்து, அதன் தழைச்சத்து இளம் பகுதிகளுக்கும் பூவிற்கும் விதைக்கும் இடம் பெயர்கிறது. அது செடியை விட்டு வெளியேறுவதில்லை, செடிக்குள்ளேயே பங்கிடப்படுகிறது.

சோதனைகளும் இதற்கு மாறாக அமையவில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2017இல் அளிக்கப்பெற்ற ஓர் ஆய்வேடு, இவ்வாறு நீர் விடுதல் கஞ்சாப் பூவிலுள்ள சத்துக்களின் அளவைக் குறைக்கவில்லை எனக் கண்டது.

புகையிலை புகட்டும் பாடம்

அவ்வாறாயின் இறுதிக் காலத்தில் உரத்தைக் குறைப்பது பயனற்றதோ எனின், அன்று. ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பயிராகும் வர்ஜினியாப் புகையிலையே இதற்குச் சான்று. இலை முற்றும்பொழுது மண்ணில் தழைச்சத்து மிகுந்திருந்தால், இலை பச்சையாகவே நின்று உரிய காலத்தில் பழுப்பதில்லை; அதில் நிக்கோட்டின் மிகுந்து சர்க்கரை குறைகிறது. ஆகவே முதிர்ச்சி தொடங்கும் வேளையில் தழைச்சத்து தீருமாறு தொடக்கத்திலேயே அளந்து இடுதல் வேண்டும். கரும்பிலும், காலங்கடந்து இடும் தழைச்சத்து முதிர்ச்சியைத் தாமதப்படுத்திச் சர்க்கரையைக் குறைக்கிறது.

நீர் மிகுதியாகப் பாய்ச்சுவதால் தீங்கும் நேரலாம். குளோரைடு மிகுந்த கிணற்று நீரைப் பாய்ச்சினால், அது புகையிலை இலையில் சேர்ந்து, இலை எரியும் தன்மையைக் கெடுக்கிறது. அங்குக் கழுவும் நீரே வேண்டாத உப்பைச் செடிக்குள் செலுத்துகிறது.

களப்பணியாளர் கவனத்திற்கு

"உரத்தைக் கழுவலாமா?" என வினவும் உழவருக்கு, "கடைசி உரத்தை எப்போது, எவ்வளவு இட்டீர்கள்?" என்ற வினாவே தக்க மறுமொழியாகும். கழுவப்பட்ட நைட்ரேட் மறைந்து போவதில்லை. பணம் கொடுத்து வாங்கிய அவ்வுரம் ஊர்க் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறிய நீர், கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமந்து செல்லும் திறனைக் குறைக்கவல்லது.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பில் எளிதில் காட்டலாம். கழுவிய மணல் நிரப்பிய இரு தொட்டிகளில் மக்காச்சோளம் விதைத்து, இரண்டிற்கும் சம அளவில் உரக் கரைசல் ஊட்டுக. ஒரு திங்கள் சென்றபின் ஒன்றிற்கு வெறும் நீர் மட்டும் விடுக. நாளடைவில் அதன் அடியிலைகள் முதலில் வெளிறும். குருத்து பசுமையாகவே நிற்கும். அடியிலையின் பசுமை எங்குச் சென்றது என்று மாணவர்களையே கேட்டால், விடையை அவர்களே குருத்தில் சுட்டிக் காட்டுவர்.