வாளும் மந்திரமும்

எல்லாவற்றிலும் வல்லவராக வேண்டும் என்னும் ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? அந்த ஆசைக்கு ஒரு விளையாட்டு கணக்குப் பாடம் நடத்துகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

'எல்டன் ரிங்' என்பது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வீடியோ விளையாட்டு. கல்லூரி விடுமுறையில் என் அண்ணன் இதை விளையாடுவார். நான் அருகில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் பார்ப்பேன்.

இதில் வரும் வீரனுக்கு எட்டுப் பண்புகள் உண்டு. அவை உயிர்வலிமை, மனவலிமை, தாங்கும் திறன், உடல்வலிமை, கைத்திறன், அறிவு, விசுவாசம், மறையாற்றல் என்பனவாம். ஒரு படி உயர்ந்தால் ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். அதை ஏதேனும் ஒரு பண்புக்கே தர முடியும். மேலே செல்லச் செல்ல அடுத்த படியின் விலையும் கூடும்.

அண்ணனுக்கு ஒரு கையில் வாளும் மறு கையில் மந்திரக்கோலும் வேண்டும். எதிரி தூரத்தில் நின்றால் மந்திரம்; நெருங்கினால் வாள். இதற்கு ஏற்றவன் 'கைதி' என்னும் வீரன். அவன் 9ஆம் படியில் தொடங்குகிறான். அவனுக்கு உடல்வலிமை 11, கைத்திறன் 14, அறிவு 14. நீல ஒளி வீசும் 'மூன்வெயில்' என்ற வாளை ஏந்தவோ முறையே 12, 18, 23 வேண்டும். 1, 4, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 14 புள்ளிகள். ஆகவே 23ஆம் படியில் வாளை ஏந்தலாம்.

அண்ணன் அப்படியே செய்தார். ஆனால் உயிர்வலிமை தொடக்கத்தில் இருந்த 11லேயே நின்றுவிட்டது! பெரிய எதிரியின் இரண்டு அடியில் வீரன் வீழ்ந்தான். மீண்டும் மீண்டும் வீழ்ந்தான். "அண்ணா, இனி வரும் 14 புள்ளிகளை உயிருக்குக் கொடுங்கள்" என்றேன். உயிர்வலிமை 25 ஆயிற்று. அதன்பின் வீரன் நின்று போரிட்டான்.

விசுவாசத்துக்கு நாங்கள் ஒரு புள்ளியும் தரவில்லை. சிஸ்டர்கள் கோபிக்க வேண்டாம். இவ்விளையாட்டில் அது வேறு வகை மந்திரங்களுக்கு உரியது!

தோழியரே, இரண்டு கலைகளை விரும்புவது தவறன்று. எட்டையும் விரும்புவதே தவறு. அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் எனக்குக் கணிதமும் வேண்டும், வீணையும் வேண்டும். இதற்காக இரவில் உறக்கத்தைக் குறைத்து வந்தேன். "முதலில் தூங்கு" என்று அம்மா சொல்வதன் பொருள் இப்போதுதான் புரிகிறது. விளையாட்டில் ரெனாலா அரசியிடம் சென்றால் புள்ளிகளை மறுபடி பங்கிடலாம். கழிந்த நாட்களை நமக்கு அவ்வாறு பங்கிட்டுத் தருவார் யார்?